பெட்டி கவுன்ட்டியுடையது, சாவி யாருடையது?

வாஷிங்டன் மாநிலச் சட்டத் தொகுப்பில் 9.41.300 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆயுதத்தோடு எங்கெல்லாம் நுழையக் கூடாது என்று சொல்லும் பிரிவு. சிறைச்சாலையின் உள்பகுதி, 21 வயதுக்குக் குறைந்தவர்களை விடாத மதுக்கூடப் பகுதி, விமான நிலையத்தில் சோதனைக்கு அப்பால் உள்ள இடம் என்று போகும் பட்டியலில் நீதிமன்றமும் வருகிறது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அடுத்து வருகிற வரிகள்தான் என்னை நிறுத்தின. நீதிமன்றத்துக்கு வருகிறவர் ஆயுதத்தை வைத்துவிட்டுப் போக, கைத்துப்பாக்கி கொள்ளும் அளவில் நிலையாகப் பொருத்திய பூட்டுப் பெட்டியும் அதன் சாவியும் உள்ளூர் நிர்வாகம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதை வாங்கிப் பத்திரமாக வைக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். பெட்டியோ அதிகாரியோ அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். உள்ளூர் நிர்வாகத்தின் கவனக்குறைவால் துப்பாக்கி சேதமானாலோ தொலைந்தாலோ நிர்வாகமே பொறுப்பு.

கொண்டு வராதே என்று சொல்வது எல்லா ஊரிலும் நடக்கும். கொண்டு வந்துவிட்டவன் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வான் என்று யோசிக்கிற சட்டம் அபூர்வம். அந்த ஐந்து நிமிடம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நான் சியாட்டிலுக்கு வடக்கே குடியிருக்கிறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் பழகுகிற தமிழ்க் குடும்பங்களில் துப்பாக்கி இருக்கும் வீடுகள் உண்டு. சனிக்கிழமை காலையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் இப்போது ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகிறார்கள். எல்லோராலும் முடியாது. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை விலகும். அதனால் எங்கள் வட்டத்தில் முதலில் கிரீன் கார்டு, அடுத்து வீடு, அப்புறம் டெஸ்லா, அதற்கும் அப்புறம் சிலருக்கு ஒரு க்ளாக் கைத்துப்பாக்கி என்று ஒரு வரிசையே உருவாகிவிட்டது.

அப்படி ஒருவர், தேனிப் பக்கத்துக்காரர். வயதில் மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மறைத்து எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸ் வைத்திருக்கிறார். இங்கே அதற்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும். பர்ஸ், போன், கார் சாவியோடு அதையும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிளம்புவார். பழக்கமாகிவிட்டது. வேகமாகப் போனதற்கு விழுந்த டிக்கெட்டை எதிர்த்து விசாரணை கேட்டிருந்தார். நான் வழித்துணை. காரில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

"தம்பி, கோர்ட்டுக்குள்ள இத விட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க அண்ணே. லைசென்ஸ் இருந்தாலும் விட மாட்டாங்க."

"அப்ப கார்லயே வெச்சிட்டுப் போயிரலாமா?"

பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. லைசென்ஸ் உள்ளவர் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியைக் காரில் விட்டுப் போகலாம். கார் பூட்டியிருக்க வேண்டும், துப்பாக்கி வெளியிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. இது குறைந்தபட்சம். போதுமானதா என்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்க் கண்ணாடியை உடைக்க ஒரு நொடி போதும். உடைக்கிறவன் முதலில் கை விடும் இடங்கள் டாஷ்போர்டு அறையும் சீட்டுக்கு அடியும்தான். துப்பாக்கியை ‘மறைத்து’ வைக்கிறவர்கள் வைப்பதும் அங்கேதான். அமெரிக்காவில் திருடு போகும் துப்பாக்கிகளில் கணிசமானவை கார்களிலிருந்து போகின்றன என்று போலீஸ் துறைகள் வருடா வருடம் எச்சரித்துக்கொண்டிருக்கின்றன.

நீதிமன்ற வாசலில் இது இன்னும் மோசம். யோசித்துப் பாருங்கள்: துப்பாக்கி கொண்டுபோக முடியாத ஒரு கட்டடம். அதைச் சுற்றிக் கட்டண பார்க்கிங். இடுப்பில் துப்பாக்கியோடு ஊரைச் சுற்றுகிற ஒவ்வொருவரும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் இடம் அந்த பார்க்கிங்தான். அது திருடனுக்கும் தெரியும். சிலர் வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கரை வேறு ஒட்டி வைத்து வேலையைச் சுலபமாக்குகிறார்கள். உள்ளே எவ்வளவு நேரம் ஆகும் என்றும் யாருக்கும் தெரியாது. டிக்கெட் விசாரணை பத்து நிமிடம். அதற்கான காத்திருப்பு அரை நாள். 2024ல் இங்கே ஒரு சட்டம் வந்தது: துப்பாக்கி தொலைந்தது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியாக வேண்டும். திருட்டு நடந்த பிறகுதானே அந்தச் சட்டத்துக்கு வேலை.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வது இது: உறைக்குள் இருக்கும் வரை அது சும்மா கிடக்கும் இரும்பு. உறையிலிருந்து எடுக்கிற, திரும்பச் செருகுகிற நேரத்தில்தான் தவறுதலாக வெடிக்கிறது. க்ளாக் மாதிரித் துப்பாக்கிகளில் தனியாகத் திருப்பிப் பூட்டும் பாதுகாப்பு விசையும் கிடையாது; ட்ரிகரை எதுவும் அழுத்தாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சட்டை நுனி, ஜாக்கெட் கயிற்றின் முடிச்சு, அவசர விரல் எதுவும் அழுத்தலாம். ஓட்டுநர் சீட்டில், ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தபடி உறையைக் கழற்றுவதை ஒரு தடவை பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த நடுக்கம் புரியும். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் சொந்தத் தொடையைத்தான்.

தோட்டாவை எடுத்துவிட்டால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினை உருவி எடுத்த பிறகும், குழலின் பின்முனையில் உள்ள அறையில் ஒரு தோட்டா இருக்கலாம். அதை மறந்தவர்களின் கதைகள் எல்லா ரேஞ்சிலும் கிடைக்கும். முதலில் மேகசின், பிறகு மேல்பகுதியை இழுத்து அறையில் இருப்பதை வெளியே தள்ளுவது, பிறகு கண்ணாலும் விரலாலும் பார்ப்பது என்ற வரிசை மாறினால், மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையில் வைத்திருப்பவர் அது காலி என்று நம்பிக்கொண்டிருப்பார்.

அதனால் அண்ணனிடம், உள்ளே கேட்டுப் பார்ப்போம் என்றேன். கிளம்பும் முன்பே போன் செய்து கேட்டிருக்கலாம். எந்தக் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். இந்த மாநிலத்தில் கவுன்ட்டிகள் 39.

நாங்கள் போன இடத்தில் பெட்டி இருந்தது. மெட்டல் டிடெக்டருக்கு இந்தப் பக்கமே, சுவரில் போல்ட் போட்ட சாம்பல் நிற இரும்பு அலமாரி. சின்னச் சின்னக் கதவுகள், ஒவ்வொன்றிலும் எண்ணும் சாவியும். சீருடையில் இருந்தவரிடம் அண்ணன் கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், முதலில் வாயால் சொன்னார். நல்ல பழக்கம். அந்த வரிசை மாறியிருந்தால் அன்றைக்கு எங்கள் பொழுது வேறு மாதிரிப் போயிருக்கும். அவர் தலையாட்டி, உறையோடு அப்படியே கழற்றி வைக்கச் சொன்னார். துப்பாக்கியை உருவ வேண்டாம், தோட்டா எடுக்க வேண்டாம். சில இடங்களில் காலி செய்துதான் வைக்க வேண்டும் என்று விதி போடுகிறார்கள். அப்படிப் போடுகிறவர்கள் கூடவே மணல் நிரப்பிய ஒரு பீப்பாயும் வைக்க வேண்டும், குழலை அதற்குள் நீட்டிக் காலி செய்வதற்கு. பீப்பாய் இல்லாத லாபியில் உறையோடு வைக்கச் சொல்வதே நல்லது. ட்ரிகர் மூடியே இருக்கும், யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

அண்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். "கோயில் வாசல்ல செருப்ப விட்டு டோக்கன் வாங்குற மாதிரி இருக்குடா." அவருக்குப் பின்னால் நின்றவர் அவ்வளவு அதிர்ஷ்டசாலி இல்லை. பேனாக்கத்தி ஒன்றைப் பையில் வைத்திருந்தார், காரில் போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். நீதிமன்ற வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும், அங்கே சிக்குவது பெரும்பாலும் கத்தியும் மிளகு ஸ்பிரேயும் சாவிக் கொத்தில் மாட்டிய ஸ்குரூடிரைவரும்தான்.

ஏன் இத்தனை கெடுபிடி என்ற கேள்விக்கு வயது எழுநூறு ஆண்டு. இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு காலத்தில், 1328ல், நார்தாம்ப்டன் சட்டம் என்று ஒன்று வந்தது. அரசனின் நீதிபதிகள் முன்னால் ஆயுதத்தோடு வரக் கூடாது. வந்தால் ஆயுதம் பறிமுதல், ஆள் சிறையில். அமெரிக்கத் துப்பாக்கி வழக்குகளில் இன்றைக்கும் அந்தச் சட்டத்தை இழுத்து வைத்து இரு தரப்பும் வாதாடுகின்றன. 2022ல் பொது இடங்களில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை விரிவாக்கி ப்ரூயன் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட, சட்டமன்றம், வாக்குச்சாவடி, நீதிமன்றம் ஆகிய மூன்றிலும் தடை விதிக்கலாம் என்பதில் சர்ச்சை இல்லை என்றுதான் எழுதியது. அதே தீர்ப்பு நியூயார்க்கின் பழைய லைசென்ஸ் முறையைத் தூக்கி எறிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி உரிமையை உயிராக மதிக்கும் நீதிபதிகளும் தங்கள் கூடத்துக்குள் துப்பாக்கி வேண்டாம் என்கிறார்கள். குத்தலாகச் சொல்லவில்லை; நீதிமன்றம் எப்படிப்பட்ட இடம் என்று அவர்களுக்குத் தெரியும்.

சியாட்டில்காரர்களுக்கும் தெரியும். 1995 மார்ச் 2, கிங் கவுன்ட்டி நீதிமன்றத்தின் இரண்டாம் மாடித் தாழ்வாரம். திருமணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கு முடியும் தறுவாயில், கணவன் தன் மனைவியையும் அவளுடைய தோழிகள் இருவரையும் சுட்டுக் கொன்றான். மனைவி கர்ப்பிணி. ஆயுதத் தடைச் சட்டம் அப்போதே இருந்தது. வாசலில் எல்லோரையும் சோதிக்கும் ஏற்பாடுதான் இல்லை. அதற்குப் பிறகே மெட்டல் டிடெக்டர்கள் நிரந்தரமாக வந்தன. கொலை, கொள்ளை வழக்கு நடக்கும் கூடத்தைவிடக் குடும்ப வழக்கு நடக்கும் தாழ்வாரம் ஆபத்தானது என்று நீதிமன்றங்களில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கொலைக் குற்றவாளி விலங்கோடு வருகிறான். விவாகரத்துக்கு வருகிறவன் டை கட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக வருகிறான்.

சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 9.41.300ல் போலீஸ்காரர்களுக்கு விலக்கு உண்டு, அவர்கள் துப்பாக்கியோடு நுழையலாம். ஆனால் அந்தப் போலீஸ்காரரே குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு வழக்கிலோ தொல்லைத் தடுப்பு வழக்கிலோ ஒரு கட்சிக்காரராக வந்தால் விலக்கு போய்விடும். அன்றைக்கு அவரும் மற்றவர்களைப் போல வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சீருடைக்குள் இருப்பவனும் ஒரு புருஷன்தான் என்று புரிந்துகொண்டு எழுதிய வரி அது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

தடையின் எல்லையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலர் தவறாகப் புரிந்துகொள்வதால். சட்டம் முழுக் கட்டடத்தையும் தடை செய்யவில்லை. நீதிமன்றக் கூடம், ஜூரி அறை, நீதிபதியின் அறை, நீதிமன்ற அலுவல் நடக்கும் இடங்கள், காத்திருக்கும் பகுதி, ஒட்டிய தாழ்வாரம் ஆகியவைதான் தடைப் பகுதி. அதுவும் தேவையான குறைந்தபட்ச அளவாக இருக்க வேண்டும், கட்டடத்தின் பொது நுழைவு வழிகளை முடிந்தவரை விட்டுவிட வேண்டும் என்கிறது. காரணம் எளிது. அமெரிக்கக் கவுன்ட்டிக் கட்டடங்களில் நீதிமன்றம் மட்டும் இருப்பதில்லை. திருமண லைசென்ஸ், சொத்து வரி, பத்திரப் பதிவு எல்லாம் அதே கூரையின் கீழ் இருக்கும் ஊர்கள் நிறைய. கல்யாண லைசென்ஸ் வாங்க வந்தவனின் இடுப்பில் இருப்பது நீதிபதிக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு பக்கம் சொல்லும். மறுபக்கம், மாடிக்கு மாடி சோதனை வைக்க ஆள் ஏது, வாசலில் ஒரே இடத்தில் வைத்துவிடுவோம் என்று சொல்லும். நடைமுறையில் ஜெயிப்பது வாசல்தான். ஓர் ஆளின் சம்பளம்தான் சட்டத்தின் எல்லைக் கோட்டை இழுக்கிறது.

மீறினால் அதிகபட்சம் 364 நாள் சிறை, 5,000 டாலர் அபராதம்.

சரி, சாவிக்கு வருகிறேன்.

அன்று அண்ணன் சட்டைப் பையில் சாவியோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அட்லாண்டாவின் நினைப்பு வந்தது. 2005 மார்ச் 11. ஃபுல்டன் கவுன்ட்டி நீதிமன்றத்தில் பாலியல் வன்முறை வழக்கின் மறுவிசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி ஒருவனை, ஒரே ஒரு பெண் காவலர் அழைத்துப் போகிறார். கைதிகளோடு புழங்கும் காவலர் துப்பாக்கியை உடம்பில் வைத்திருக்கக் கூடாது என்பது பல இடங்களில் உள்ள நல்ல விதி. அதன்படி அவருடைய துப்பாக்கி பூட்டுப் பெட்டியில் இருந்தது. சாவி அவரிடம் இருந்தது. விலங்கைக் கழற்றியதும் அவன் அவரைத் தாக்கி வீழ்த்தி, சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்தான். நீதிபதி ரோலண்ட் பார்ன்ஸைக் கூடத்திலேயே சுட்டுக் கொன்றான். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர், ஒரு காவல் அதிகாரி, பிறகு ஊருக்குள் ஒரு மத்திய அரசு அதிகாரி என்று மொத்தம் நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பெண் காவலர் மூளையில் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார். பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சாவி வைத்திருப்பவர் யார் என்று பெட்டிக்குத் தெரியாது.

அது காவலர்களின் பெட்டி, பொதுமக்களின் பெட்டி அல்ல. ஆனால் பொதுமக்களின் பெட்டியில் அதே ஓட்டை இன்னொரு வடிவத்தில் இருக்கிறது. இந்த மாநிலத்தில் குடும்ப வன்முறை வழக்குகளில் நீதிபதி பாதுகாப்பு உத்தரவோடு சேர்த்து ஆயுத ஒப்படைப்பு உத்தரவும் போடலாம். உத்தரவு கைக்கு வந்ததும் துப்பாக்கிகளையும், மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸையும் உடனடியாகப் போலீஸிடம் கொடுத்துவிட வேண்டும். இப்படிப்பட்டவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கும் மத்திய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றமும் 2024ல் ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதரித்தது.

இப்போது ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது. துப்பாக்கியைச் சட்டப்படி வாசல் பெட்டியில் வைத்துவிட்டு மாடிக்குப் போகிறான். பதினோரு மணிக்கு நீதிபதி ஒப்படைப்பு உத்தரவு போடுகிறார். பதினொன்றேகால் மணிக்கு அவன் கீழே இறங்கி வருகிறான், வாழ்க்கையிலேயே அவன் மிகக் கோபமாக இருக்கும் நிமிடத்தில், பையில் சாவியோடு. எதிர்த் தரப்பில் நின்ற பெண்ணும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பெட்டிக்கு அருகில் நிற்கும் பாதுகாவலருக்கு மாடியில் என்ன நடந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

உள்ளே போனதை வெளியே விடக் கூடாத தருணம் ஒன்று உண்டு என்பதைப் பூட்டுப் பெட்டி யோசிக்கவில்லை. அதனால் சட்டம் தரும் இரண்டு வழிகளில் நான் அதிகாரி பக்கம். உரியவரே தன் கையால் உறையோடு பெட்டிக்குள் வைக்கட்டும், கைமாற்றம் வேண்டாம். ஆனால் சாவி அதிகாரியிடம் இருக்கட்டும். உரியவருக்கு எண் போட்ட ரசீது. திருப்பித் தரும்போது அடையாள அட்டையையும் அன்றைய உத்தரவுகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திறக்கட்டும். அதிகாரிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பெட்டிக்கு வேண்டாம் என்று கவுன்ட்டிகள் சொல்லும். தெரிந்ததுதான்.

பணம் என்றதும் மான்டிசானோ. மாநிலத்தின் மேற்குப் பக்கம், கிரேஸ் ஹார்பர் கவுன்ட்டியின் தலைநகரான சின்ன ஊர். 2012 மார்ச்சில் அங்கே நீதிமன்றத்துக்குள் புகுந்த ஒருவனைப் பெண் காவலர் தடுக்க, கைகலப்பில் அவரைக் கத்தியால் குத்தி, உதவிக்கு வந்த நீதிபதியையும் குத்தி, காவலரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டான். இருவரும் பிழைத்தார்கள். அப்போது வாசலில் சோதனை கிடையாது. மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த கவுன்ட்டி அது, கையில் காசு கிடையாது. சோதனையே இல்லாத வாசலில் பூட்டுப் பெட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் என்ன? அதைப் பயன்படுத்துகிறவர்கள் அண்ணனைப் போன்ற ஒழுங்கானவர்கள் மட்டும்தான்.

ரசீது என்று நான் சொன்னது புது யோசனை இல்லை. பென்சில்வேனியா அதை எழுதியே வைத்திருக்கிறது. அங்கே 2002 ஜூலை 1க்குள் ஒவ்வொரு கவுன்ட்டியும் நீதிமன்றக் கட்டடத்தில் லாக்கரோ அதற்கு நிகரான ஏற்பாடோ செய்ய வேண்டும், லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, வைத்தவருக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நமக்கும் இது அன்னியமில்லை. ஊரில் காட்டுப்பன்றிக்காகக் குழல் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போவார். ஒப்படைத்ததற்கான ரசீதை ரேஷன் கார்டோடு வைத்துப் பூட்டுவார். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு அந்தக் காகிதம் இல்லாமல் துப்பாக்கி திரும்பி வராது. அவ்வளவு நாள் பன்றிகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் யாருடைய துப்பாக்கி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

வாஷிங்டன் சட்டத்தில் இன்னொரு சின்ன விஷயம்: பெட்டி கைத்துப்பாக்கி கொள்ளும் அளவுக்கு இருந்தால் போதும் என்கிறது. இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போகும் வழியில் ஜூரி அழைப்புக்காக வந்து நிற்கிறவர்களின் வண்டியில் நீளத் துப்பாக்கி இருக்கும். அது அந்தப் பெட்டிக்குள் போகாது. அதிகாரி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் வண்டிதான். வேட்டையை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

அண்ணனின் அபராதத்தை நீதிபதி கொஞ்சம் குறைத்தார். கீழே வந்து பெட்டியைத் திறந்து, சுவரைப் பார்த்து நின்று மாட்டிக்கொண்டார். யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வரும் வழியில் அவர் கேட்ட கேள்விதான் இதை எழுதவே காரணம். "குடியுரிமை இன்டர்வியூ வருதுல்ல தம்பி, அங்கயும் இந்த மாதிரி பெட்டி இருக்கும்ல?"

இருக்காது. இதுவரை சொன்னது மாநிலச் சட்டம். அமெரிக்க மத்திய அரசின் கட்டடங்கள் வேறு உலகம். அங்கே பெட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடியேற்ற அலுவலகம், சமூகப் பாதுகாப்பு அலுவலகம் மாதிரி மத்திய அரசுக் கட்டடத்துக்குள் தெரிந்தே துப்பாக்கியோடு போனால் ஒரு வருடம் வரை சிறை. சியாட்டிலில் ஸ்டூவர்ட் தெருவில் நிற்கும் மத்திய நீதிமன்றம் போன்ற இடமென்றால் இரண்டு வருடம் வரை. மாநிலம் கொடுத்த லைசென்ஸ் அங்கே உதவாது. குடியுரிமைக்குக் காத்திருக்கிறவருக்கு இப்படி ஒரு வழக்கு விழுந்தால் சிறையைவிட மற்ற விளைவுகள்தான் பெரிதாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டிலேயே, பெட்டகத்தில், பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

மத்திய சட்டத்தில் ஒரே ஒரு சலுகை உண்டு. வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கவில்லை என்றால் தண்டிக்க முடியாது. அதற்கும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: தடை இருப்பது அந்த ஆளுக்கு வேறு வழியில் ஏற்கெனவே தெரிந்திருந்தால் தண்டிக்கலாம். இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் அந்தச் சலுகையும் உங்களுக்குப் போச்சு.